தொடர்பாடல்: ஒரு திக்குவாயர் வளர்த்த இலக்கியம்



பாஸ்கா ஞாயிறன்று இரண்டாம் வாசகம் முடிந்ததும், அல்லேலூயாவுக்கு முன்பாக ஒரு நீண்ட பாடல் வருகிறது. அல்லேலூயா என நினைத்துச் சிலர் எழுந்து நிற்பார்கள். பிறகு சுற்றிலும் பார்த்துவிட்டு மெல்ல அமர்வார்கள். நேரமாகிறது என்று சில இடங்களில் அதை ஒருவர் வேகமாக வாசித்து முடித்துவிடுவதும் உண்டு. அந்தப் பாடல்தான் 'தொடர்பாடல்'. இது எங்கிருந்து வந்தது?

பழங்காலத்தில் அல்லேலூயாவைப் பாடும்போது, அதன் கடைசி 'ஆ' என்ற ஓசையைச் சொற்களே இல்லாமல் நெடுநேரம் இழுத்துப் பாடினர். மகிழ்ச்சி மிகும்போது சொல் நின்றுவிடும், ஓசை மட்டும் ஓடும் என்று இதற்கு விளக்கம் தந்தனர். அல்லேலூயாவைத் தொடர்ந்து வந்ததால் இலத்தீனில் இது 'செக்குவென்சியா', அதாவது தொடர்ந்து வருவது, எனப்பட்டது.

9ஆம் நூற்றாண்டில் இன்றைய சுவிட்சர்லாந்திலுள்ள புனித கால் துறவு மடத்தில் நோட்கர் என்ற இளந்துறவி இருந்தார். இவர் திக்குவாயர், 'பல்புலுஸ்', அதாவது திக்கிப் பேசுபவர், என்றே வரலாறு இவரை அழைக்கிறது. சொற்கள் இல்லாத அந்த நீண்ட மெட்டுகள் தம் நினைவில் நிற்கவில்லை என்று இவரே எழுதியிருக்கிறார். அந்நாளில் நார்மானியர் சூறையாடிய ஜுமியேஷ் மடத்திலிருந்து ஒரு குரு தம் பாட்டுப் புத்தகத்தோடு அங்கே வந்து சேர்ந்தார். அதில் அந்த மெட்டுகளுக்குச் சில வரிகள் எழுதப்பட்டிருந்தன. நோட்கர் அதைக் கண்டு மகிழ்ந்தாலும் வரிகள் அவருக்கு நிறைவு தரவில்லை. தாமே எழுதி, ஆசிரியர் ஈசோவிடம் காட்டினார். மெட்டின் ஒவ்வோர் அசைவுக்கும் ஓர் அசை வரவேண்டும் என்று ஆசிரியர் திருத்தினார். மற்றோர் ஆசிரியரான மார்செல்லுஸ் அவற்றைச் சிறுவர்களுக்குப் பாடக் கொடுத்தார். 884ஆம் ஆண்டளவில் நோட்கர் இப்பாடல்களை நூலாகத் தொகுத்தார். மறதியுள்ள ஒருவரின் தேவையிலிருந்து ஓர் இலக்கிய வகை வளர்ந்தது!

இதன் அமைப்பு எளிது. வரிகள் இரண்டிரண்டாக வரும். இரண்டுக்கும் மெட்டு ஒன்றே. ஆகவே பாடகர் குழு இரு பிரிவாக நின்று மாறி மாறிப் பாடலாம். பழைய இலத்தீன் கவிதை, நம் குறில் நெடில் போல, அசையின் நீளத்தைக் கணக்கிட்டு எழுதப்பட்டது. தொடர்பாடலோ அசைகளின் எண்ணிக்கையை நம்பியது. 12ஆம் நூற்றாண்டில், பாரிஸ் நகரின் புனித விக்டர் மடத்து ஆதாம் போன்றோர் காலத்தில், சீரான அழுத்தமும் இயைபும் சேர்ந்து இது முழுமை பெற்றது.

இன்னொரு வியப்பு! இன்று கிடைப்பவற்றுள் மிகப் பழைய பிரெஞ்சு இலக்கியப் படைப்பும் ஒரு தொடர்பாடலே. மறைச்சாட்சியான புனித யூலாலியாவைப் பற்றி ஏறத்தாழ 880இல் எழுதப்பட்ட இதில் 29 வரிகள் உள்ளன. அதன் ஏடு பிரான்சின் வாலென்சியன் நகர நூலகத்தில் இருக்கிறது. அதே ஏட்டில் அப்புனிதையைப் பற்றிய இலத்தீன் தொடர்பாடலும் உண்டு. கோவிலின் மொழியும் வீட்டின் மொழியும் அங்கே ஒரே ஏட்டில் இருக்கின்றன.

காலப்போக்கில் தொடர்பாடல்கள் ஆயிரக்கணக்கில் பெருகின. வழிபாட்டை ஒழுங்குபடுத்த, 1570இல் திருத்தந்தை ஐந்தாம் பயஸ் வெளியிட்ட திருப்பலிப் புத்தகம் நான்கை மட்டுமே வைத்துக்கொண்டது: பாஸ்கா பாடல், தூய ஆவியார் பாடல், 1264ஆம் ஆண்டளவில் புனித தாமஸ் அக்குவினாஸ் இயற்றிய நற்கருணைப் பாடல், இறந்தோர் திருப்பலிக்குரிய தீர்ப்பு நாள் பாடல். 1727இல் வியாகுல அன்னையின் பாடல் சேர்ந்தது. இரண்டாம் வத்திக்கான் சங்கத்தைத் தொடர்ந்து 1970இல் வந்த திருப்பலிப் புத்தகத்தில் தீர்ப்பு நாள் பாடல் இடம்பெறவில்லை. அது திருப்புகழ்மாலையில் ஆண்டின் கடைசி வாரத்துக்குச் சென்றது. இன்று பாஸ்கா, பெந்தகோஸ்து ஆகிய இரு நாள்களிலும் தொடர்பாடல் கட்டாயம். மற்ற இரண்டும் விருப்பத்திற்குரியவை.

ஆயிரக்கணக்கானவற்றுள் நம் கைக்கு வந்தவை இவ்வளவே. அவற்றையும் அவசரமாக வாசித்துவிட்டால் எஞ்சுவது என்ன? பாட எழுதப்பட்ட பாடல் இது. இரு குழுவாகப் பிரிந்து பாட எழுதப்பட்டது. அடுத்த பாஸ்காவுக்கு முன் நம் பாடகர் குழு ஒரு மாலை இதற்கென ஒதுக்கலாமே! மக்கள் ஒரு பக்கமும் குழுவினர் மறுபக்கமுமாகப் பாடிப் பார்க்கலாமே!

பேச நாவு தடுமாறிய ஒருவர், திருச்சபை பாடுவதற்குச் சொற்கள் தந்தார். அந்தச் சொற்களின் வழிவந்த பாடலுக்கு நாம் சில நிமிடங்கள் தரமாட்டோமா? சிந்திப்போம்.