எண்ணுக்குள் அடங்காத போதை

குடித்துவிட்டு வண்டி ஓட்டுபவரைப் பிடிப்பது காவலருக்குப் பெரிய வேலை இல்லை. ஓரங்கட்டச் சொல்லி, கருவியை நீட்டி, ‘ஊதுங்க’ என்றால் சில நொடிகளில் எண் வந்துவிடும். நம் நாட்டில் 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம் ஆல்கஹால்தான் எல்லை. அமெரிக்காவின் பெரும்பாலான மாநிலங்களில் 80. கஞ்சா போதையை அப்படி அளந்து சொல்ல நம்பத்தக்க கருவி இன்னும் இல்லை.

கருவி வருவதற்குள் சட்டம் வந்துவிட்டது. 2012 நவம்பரில் கொலராடோ, வாஷிங்டன் மாநில வாக்காளர்கள் பெரியவர்கள் கஞ்சா பயன்படுத்துவதை அனுமதித்தார்கள். 2014 ஜனவரி 1 அன்று கொலராடோவில் கடைகள் திறந்தன; அதே ஆண்டு ஜூலையில் வாஷிங்டனிலும் விற்பனை தொடங்கியது. 2018 அக்டோபர் 17 முதல் கனடா முழுவதும் அனுமதி. இந்தச் சட்டங்கள் வரத் தொடங்கியதிலிருந்து ஒரே கேள்வி: சாலையில் என்ன ஆகும்?

முதலில் வந்த செய்தி திகைக்க வைத்தது. வாஷிங்டனில் உயிர்ப்பலி விபத்துகளில் சிக்கிய ஓட்டுநர்களில், கஞ்சாவின் போதைப்பொருளான டி.எச்.சி. ரத்தத்தில் இருந்தவர்களின் பங்கு 2013-இல் சுமார் 8 சதவீதம். அடுத்த ஆண்டே 17. ஆனால் 2017-இல் வெளியான இன்னோர் ஆய்வு, வாஷிங்டனையும் கொலராடோவையும் ஒத்த எட்டு மாநிலங்களோடு ஒப்பிட்டுப் பார்த்தது. சட்டம் வந்தபின் விபத்துச் சாவு விகிதத்தில் குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. பின்னர் ஐந்து மாநிலங்களை ஆராய்ந்தபோது, காயம் ஏற்படுத்தும் விபத்துகள் சுமார் 6 சதவீதம் கூடியிருந்தன; அதிலும் எல்லா மாநிலமும் ஒன்றுபோல இல்லை.

இந்த முரண்பாட்டுக்குக் காரணம் ரத்தத்திலேயே இருக்கிறது. ஆல்கஹால் நீரில் கரைவது. உடல் முழுக்கப் பரவி, கிட்டத்தட்ட ஒரே வேகத்தில் வடியும். அதனால் எண்ணைப் பார்த்தே போதையைக் கணிக்கலாம். டி.எச்.சி. கொழுப்பில் கரைவது. புகைத்த சில நிமிடங்களில் ரத்தத்தில் உச்சம் தொட்டு, போதை குறைவதற்கு முன்பே மளமளவென்று இறங்கிவிடும். காவலர் ஆளை மருத்துவமனைக்குக் கொண்டுபோய் ரத்தம் எடுப்பதற்குள் எண் சரிந்திருக்கும். தினமும் புகைப்பவருக்கோ நேர்மாறு: கொழுப்பில் தங்கிய டி.எச்.சி. நாட்கணக்கில் கசிந்துகொண்டே இருக்கும். இன்று புகைக்காமல் தெளிவாக இருப்பவர் மாட்டிக்கொள்வார். போதையில் இருப்பவர் தப்பிவிடுவார்.

அப்படியிருந்தும், மதுவுக்கு உள்ளதுபோல ஓர் எண் வேண்டும் என்று வாஷிங்டன் ஒரு மில்லி ரத்தத்துக்கு 5 நானோகிராம் என்று எல்லை வைத்தது. கனடாவில் 2 நானோகிராமிலேயே குற்றம் தொடங்குகிறது. மதுவும் கலந்திருந்தால் தண்டனை கூடும். இரண்டும் சேரும்போது ஆபத்து பெருகும் என்பதால் அந்தக் கடைசி விதி நியாயமானது. 5 நானோகிராம் என்ற கோட்டுக்கு அத்தகைய உறுதியான அடிப்படை இல்லை.

மாசசூசெட்ஸ் உச்ச நீதிமன்றமும் 2017-இல் இதே சிக்கலைச் சந்தித்தது. ஒற்றைக் காலில் நிற்பது, கோட்டின்மேல் நடப்பது போன்ற சோதனைகள் மதுவுக்காக உருவானவை. அவற்றை மட்டும் வைத்து ஒருவர் கஞ்சா போதையில் இருந்தார் என்று முடிவுகட்ட முடியாது என்று தீர்ப்பளித்தது.

எல்லாவற்றையும்விடக் கவலை தருவது கலிஃபோர்னியாவின் சான் டியேகோவில் நடந்த சோதனை. கஞ்சா பழக்கமுள்ள 191 பேரைப் புகைக்கவைத்து, கார் ஓட்டும் மாதிரிக் கருவியில் உட்காரவைத்தார்கள். சிலருக்குக் கொடுக்கப்பட்டது போதையற்ற போலிச் சுருட்டு. அரை மணி நேரத்தில் போதைக்காரர்களின் ஓட்டம் தடுமாறியது. ஒன்றரை மணி நேரம் கழித்து, ‘இப்போது ஓட்டலாம்’ என்று அவர்களில் பெரும்பாலானோர் நம்பினார்கள். ஓட்டத்தில் முன்னேற்றம் ஏதுமில்லை. தடுமாற்றம் முழுதாகத் தீர நாலரை மணி நேரம் ஆனது. ரத்தத்தில் இருந்த அளவுக்கும் ஓட்டும் திறனுக்கும் தொடர்பும் தென்படவில்லை.

ஆக, எண்ணை நம்ப முடியாது, ‘நான் நிதானமாகத்தான் இருக்கிறேன்’ என்ற சொந்த உணர்வையும் நம்ப முடியாது. சாக்லேட்டாகவோ மிட்டாயாகவோ சாப்பிட்டால் நிலைமை இன்னும் மோசம்: போதை ஏறவே ஒரு மணி, இரண்டு மணி நேரம் ஆகலாம். ஒன்றும் செய்யவில்லையே என்று சாவியை எடுப்பவருக்குப் பாதி வழியில் தலை சுற்றும்.

கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் காயமடைந்து சிகிச்சைக்கு வந்த ஓட்டுநர்களின் ரத்தத்தைச் சோதித்தபோது, 2 நானோகிராமுக்கு மேல் இருந்தவர்கள் சட்டத்துக்கு முன் 3.8 சதவீதம், பின் 8.6. இந்த உயர்வு 50 வயதைக் கடந்தவர்களிடம் கூடுதலாகத் தெரிந்தது. இதை இளைஞர் பிரச்சினை என்று ஒதுக்கிவைக்க முடியாது.

ஒண்டாரியோ மாகாணம் 21 வயது வரையுள்ளவர்களுக்கும், புதிதாக ஓட்டக் கற்பவர்களுக்கும், லாரி போன்ற வணிக வாகனங்களை ஓட்டுபவர்களுக்கும் எண்ணே வைக்கவில்லை. கஞ்சா துளியும் இருக்கக் கூடாது என்கிறது. அங்குள்ள ஸ்கார்பரோவிலோ பிராம்டனிலோ உங்கள் பிள்ளை கார் ஓட்டக் கற்றுக்கொண்டிருந்தால், இந்த விதியை இன்றே தொலைபேசியில் சொல்லிவிடுங்கள்.