முதுமையில் விரியும் பெருந்தமனி: அரசுத் திட்டத்தில் இடமில்லாத சோதனை

புது தில்லி: வயிற்றினுள் இறங்கும் பெருந்தமனியின் விட்டம் நடுவயதில் ஏறத்தாழ 2 செ.மீ. வயது ஏற ஏற, சுவரின் மீள்தன்மை நார்கள் தேய்ந்து அது மெல்ல விரிகிறது; பெண்களைவிட ஆண்களுக்கு அதிகமாகவே விரிகிறது. புகைப்பழக்கம் இருந்தால் கேட்கவே வேண்டாம். 3 செ.மீ.யைத் தொட்டால் வீக்கம், ஆண்களுக்கு 5.5 செ.மீ. ஆனால் அறுவைச் சிகிச்சை. வெடித்துவிட்டால் பிழைப்பவர் சிலரே. 1955-இல் ஐன்ஸ்டீனின் உயிரைப் பறித்தது இதுதான்.

பெரும்பாலும் அறிகுறியே காட்டாத இந்த வீக்கத்தைக் கண்டறியச் சில நிமிட அல்ட்ராசவுண்ட் சோதனை போதும். பிரிட்டனில் 65 வயதை எட்டும் ஆண்கள் இதற்கு அழைக்கப்படுகின்றனர். நமது மத்திய அரசின் தொற்றாநோய்த் திட்டமோ, 30 வயது கடந்தோரிடம் ரத்த அழுத்தம், நீரிழிவு, மூவகைப் புற்றுநோய் ஆகியவற்றையே முதன்மையாகத் தேடுகிறது. 2024-இல் 70 வயது நிரம்பிய அனைவருக்கும் ஆயுஷ்மான் பாரத் காப்பீடு விரிவாக்கப்பட்டது. ஆனால், அது மருத்துவமனையில் சேர்வோருக்கானது. தமனி வெடித்தவர்களில் பலர் அங்கு போய்ச் சேருவதே இல்லை.

உடல்வாகு சிறியதானால் தமனியும் சிறிதாகவே இருக்கும். எனவே, மேலைநாட்டு அளவுகோலை அப்படியே இங்கு பொருத்துவது சரியல்ல. அனைவரையும் சோதிப்பதும் இயலாது. புகைத்த பழக்கமுள்ள 65 முதல் 75 வயது வரையிலான ஆண்களுக்கு ஒரே ஒரு முறை சோதனை என்பது அமெரிக்க நிபுணர் குழுவின் பரிந்துரை. சுகாதார அமைச்சகம் அதையேனும் பரிசீலிக்கலாம்.