உண்ணிக் காய்ச்சல்

காரைக்குடிப் பக்கம் கண்மாய்க்கரைப் புதரில் ஆடு மேய்த்தவருக்கும் விறகு பொறுக்கியவருக்கும் விடாமல் காய்ச்சல் அடித்தால், டெங்கு என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். அக்குளிலோ இடுப்பிலோ சிகரெட்டால் சுட்டதுபோல் வலிக்காத கறுப்புப் பொருக்கு இருக்கிறதா, பாருங்கள். கண்ணுக்கு எளிதில் தெரியாத ஒரு சிற்றுண்ணியின் இளம்பருவம் கடித்த தடம் அது. ஓரியன்சியா என்ற பாக்டீரியா அந்த வழியாகத்தான் உடம்பில் இறங்குகிறது. எல்லோருக்கும் பொருக்கு வராது, அதுதான் தொல்லை. நம் ஆட்கள் கொண்டுவிக்க, அதாவது வியாபாரம் செய்யப் போன பர்மாவில், இரண்டாம் உலகப்போர்ச் சிப்பாய்களைப் படுக்கவைத்ததும் ஸ்க்ரப் டைபஸ் எனப்படும் இதே உண்ணிக் காய்ச்சல்தான். மருந்து டாக்சிசைக்ளின்; விலை மலிவு. நோய் முற்றியவர்களுக்கு அதோடு அசித்ரோமைசினையும் சேர்த்து நரம்பு வழியே ஏற்றுவதே மேல் என்று, வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் முன்னின்று நடத்திய ஆய்வு 2023-ல் காட்டியது.