இருட்டில் தொடங்கும் புத்தாண்டு

எடின்பரோவில் டிசம்பர் மூன்றாம் வாரத்தில் பிற்பகல் மூன்றே முக்காலுக்கெல்லாம் சூரியன் மறைந்துவிடும். மறுநாள் காலை எட்டே முக்கால் ஆகும், மறுபடி தலைகாட்ட. சிங்கப்பூரிலோ ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் பத்து நிமிட வித்தியாசம்கூடக் கிடையாது. இங்கிருந்து மேற்படிப்புக்குப் போன எனக்கு அந்த இருட்டு முதலில் வேடிக்கையாக இருந்தது. பிறகு பயமாக இருந்தது.

போன ஆண்டே, அக்டோபரில், பாட்டி இறந்துபோனார். விமானச் சீட்டு வாங்கி வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிடும், வர வேண்டாம் என்றார் அம்மா. அந்த மாதக் கடைசி நாள், என்னோடு ஒரே வீட்டில் தங்கியிருந்த ஸ்காட்லாந்துத் தோழி தயக்கத்தோடு கேட்டாள்: "இன்றிரவு இறந்தவர்களுக்கு ஒரு தட்டு வைப்போம். உன் பாட்டிக்கும் சேர்த்து வைக்கட்டுமா?"

ரொட்டி, ஆப்பிள், கொஞ்சம் சூப். நான் என் பங்குக்குப் பால் காப்பி போட்டு வைத்தேன். மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் யாரும் பேசாமல் சாப்பிட்டோம். வாழையிலை இல்லையே தவிர, நம் வீட்டுப் படையல்தான்.

அது 'சவ்வின்' பண்டிகை. அறுவடை முடிந்து குளிர்காலம் தொடங்கும் நாள். தோழிக்கு அதுதான் புத்தாண்டு. அவள் தன்னைப் 'பேகன்' என்று சொல்லிக்கொள்பவள். கிராமத்தான் என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து வந்த பெயர் இது. கிறிஸ்துவத்துக்கு மாறாதவர்களைக் குறிக்க மற்றவர்கள் வைத்தது. இன்று அதை விரும்பியே சூட்டிக்கொள்கிறார்கள். இங்கிலாந்திலும் வேல்சிலும் 2021 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சுமார் 74,000 பேர் தங்கள் சமயம் அதுதான் என்று எழுதினார்கள்.

அவர்களில் பலர் ஆண்டை ஒரு சக்கரமாகப் பார்க்கிறார்கள். பகல் மிக நீண்ட நாள், மிகக் குறுகிய நாள், பகலும் இரவும் சமமாகும் இரு நாள்கள் என நான்கு. அவற்றுக்கு இடையே இன்னும் நான்கு. ஏறக்குறைய ஆறரை வாரத்துக்கு ஒரு பண்டிகை. பிப்ரவரி முதல் தேதி, ஆடுகளுக்குப் பால் சுரக்கத் தொடங்கும் 'இம்போல்க்'. அன்றுதான் பிரிஜிட் திருநாளும். அந்தப் பெயரில் ஒரு தேவதையும் உண்டு, ஒரு புனிதரும் உண்டு. அயர்லாந்து 2023 முதல் அதற்குப் பொது விடுமுறையே விடுகிறது. ஆகஸ்ட் முதல் தேதி, புதுத் தானியத்தில் ரொட்டி சுடும் 'லூனசா'.

எனக்குப் பிடித்தது 'பெல்டேன்'. அந்தக் காலத்து அயர்லாந்தில், மாடுகளைக் கோடை மேய்ச்சலுக்கு அனுப்புமுன் நோய் அண்டாமலிருக்க இரு நெருப்புகளுக்கு நடுவே ஓட்டுவார்களாம். எடின்பரோவில் 1988 முதல் ஏப்ரல் 30ஆம் தேதி இரவு கால்டன் குன்றில் இதைத் தீப்பந்தமும் மேளமுமாகக் கொண்டாடுகிறார்கள். இப்போது மாடுகள் இல்லை, நுழைவுச்சீட்டு உண்டு. உடம்பெல்லாம் வண்ணம் பூசியவர்கள் அந்தக் குளிரில் ஆடுவதைக் கம்பளிக் கோட்டுக்குள் நடுங்கியபடி பார்த்தேன்.

இதெல்லாம் பல்லாயிரம் ஆண்டு மாறாத மரபு என்றுதான் நினைத்திருந்தேன். தோழியே சிரித்துக்கொண்டு திருத்தினாள். சவ்வினும் பெல்டேனும் பழைய ஐரிஷ் நூல்களில் உள்ளவை. ஆனால் எட்டையும் ஒரே சக்கரத்தில் கோத்தது 1950களில்தான், ஜெரால்டு கார்ட்னர், ராஸ் நிக்கல்ஸ் ஆகியோரின் வட்டாரத்தில். செப்டம்பர் பண்டிகைக்கு 'மேபன்' என்ற பெயர் கிடைத்ததோ 1974இல், அமெரிக்காவில்.

"அப்படியானால் இது உண்மையான பண்டிகையா?" என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாது. "உன் பாட்டிக்கு நீ வைத்த காப்பி உண்மையா?" என்றாள்.

ஆஸ்திரேலியாவில் இருக்கும் பேகன்கள் பலர் சக்கரத்தையே திருப்பி வைத்துக்கொள்கிறார்கள். அங்கே ஜூனில்தானே குளிர்காலம்? அதனால் வடக்கே டிசம்பரில் வரும் 'யூல்' அவர்களுக்கு ஜூனில். நாட்காட்டியைவிட ஜன்னலுக்கு வெளியே தெரிவது முக்கியம் என்பது அவர்கள் கணக்கு. நாம் அப்படிச் செய்யவில்லை. நெல் விளையாத ஊரில், அடுக்குமாடி வீட்டுச் சமையலறையில், அடுப்பில் பானை வைத்து மார்கழி முடிந்ததென்று பொங்குகிறோம். பாட்டிக்கு அதில் எந்தக் குழப்பமும் இருந்ததில்லை. ஒவ்வோர் ஆண்டும் மஞ்சள் கொத்துக்குத் தேக்காவில் பேரம் பேசுவதுதான் அவருக்குத் தை பிறந்ததற்கு அடையாளம்.

நான் சிங்கப்பூர் திரும்பிச் சில ஆண்டுகள் ஆகின்றன. அக்டோபர் கடைசி நாளன்று ஒரு குவளை காப்பி அதிகமாகப் போடுகிறேன். அம்மா முதலாண்டு ஏன் என்று கேட்டார். இப்போது அவரே சர்க்கரை போட்டுத் தருகிறார். பாட்டிக்கு மூன்று கரண்டி.

டிசம்பர் 21 வாக்கில் தோழியிடமிருந்து ஒரு குறுஞ்செய்தி வரும்: "இன்று 3.40க்கு இருட்டிவிட்டது. நாளையிலிருந்து வெளிச்சம் கூடும்." நான் பதில் போடுவேன்: "இங்கே வழக்கம்போல ஏழு மணி. மழை."