நீச்சல் குளத்து ஓரம் கல் பதிக்கப் போகிறீர்களா?

பங்சார் பக்கம் போய் வந்திருக்கிறீர்களா? இன்று அங்கே உயர்ந்த அடுக்கு மாடிகளும், பங்களாக்களும், காப்பிக் கடைகளும்தான் கண்ணில் படும். ஒரு காலத்தில் அதுவும் நம்முடையதைப் போல ஒரு ரப்பர் தோட்டம்தான். எடுவர்ட் பூஞ்ஜே என்ற பெல்ஜிய வணிகர் பெயரையும், கிரிசார் என்ற அவருடைய கூட்டாளியின் பெயரையும் சேர்த்துத் தோட்டத்திற்கு வைத்தார்கள் என்றும், அதுவே நாளடைவில் பங்சார் என்று மருவியது என்றும் சொல்வார்கள். கித்தா மரம் நின்ற மேட்டில் இன்று நீல நிறத்தில் நீச்சல் குளங்கள் மின்னுகின்றன.

"நீச்சல் குளம் நமக்கு எதற்கு ஐயா?" என்று கேட்காதீர்கள். குளம் யாருடையதாக இருந்தாலும், அதன் ஓரத்தில் முட்டி போட்டுக் கல் பதிக்கிறவர்களில் நம் வீட்டுப் பிள்ளைகளும் உண்டு. தோட்டம் துண்டாடப்பட்டு நகரத்துக்கு வந்தவர்களில் எத்தனையோ பேருக்குக் கட்டட வேலைதானே கைகொடுத்தது? அதோடு, பங்சாரில் ஜாலான் தெராசேக்கில் கோலாலம்பூர் மாநகராட்சியின் விளையாட்டு மையம் இருக்கிறது. அங்குள்ள குளத்தில் யாரும் கட்டணம் செலுத்திக் குளிக்கலாம். ஈரத் தரையில் ஓடுகிற குழந்தை யார் வீட்டுக் குழந்தையாகவும் இருக்கலாம். ஆகவே இந்த வேலையின் நுணுக்கம் நமக்கும் தெரிந்திருப்பது நல்லது.

குளத்தைச் சுற்றி முதலில் வெறும் கான்கிரீட் தளம் போட்டிருப்பார்கள். பத்துப் பதினைந்து ஆண்டில் அது கறுத்து, பாசி பிடித்து, அங்கங்கே வெடித்துவிடும். உடைத்து அள்ளினால் லாரிக் கூலி, குப்பைக் கூலி என்று செலவு ஏறும். உடனே வீட்டுக்காரர், "அதன் மேலேயே பேவர் கல்லைப் பதித்து விடுங்களேன்" என்பார். பதிக்கலாம், தவறில்லை. ஆனால் கீழே இருக்கும் கான்கிரீட் எப்படி இருக்கிறதோ, மேலே வைக்கும் கல்லும் நாளைக்கு அப்படித்தான் இருக்கும்.

முதல் நாள் கரண்டியைத் தொடாதீர்கள். ஒரு இரும்புக் கம்பியால் தளத்தை அடிக்கொரு தட்டுத் தட்டிப் பாருங்கள். கெட்டியான இடத்தில் கணீர் என்று கேட்கும். அடியில் மண் இறங்கியிருந்தால் 'தொப்' என்று பானையைத் தட்டினாற் போலக் கேட்கும். வெடிப்பைப் பாருங்கள். தலைமயிர் போல மெல்லியதாக, இரு பக்கமும் ஒரே மட்டத்தில் இருந்தால் கவலையில்லை. ஒரு பக்கம் தூக்கியும் மறு பக்கம் தாழ்ந்தும் இருந்தால் தளம் இன்னும் அசைகிறது என்று அர்த்தம். சந்தேகமாக இருந்தால் வெடிப்பின் இரு முனையிலும் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதி வையுங்கள். நாலைந்து வாரத்தில் கோட்டைத் தாண்டியிருந்தால் அந்தப் பகுதியை உடைத்துப் புதிதாகப் போடுவதைத் தவிர வேறு வழி கிடையாது.

அடுத்து ஒரு வாளித் தண்ணீர். அதைத் தளத்தில் ஊற்றிவிட்டு எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பாருங்கள். இந்த வேலையின் உயிரே இதில்தான் இருக்கிறது.

மரம் வெட்டியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. இடது பக்கம் உயர்ந்து வலது பக்கம் தாழ்ந்து, ஏறக்குறைய 30 பாகைச் சாய்வில் வெட்டினால்தானே பால் வழிந்து ஒழுங்காக மங்கில் வந்து விழும்? சாய்வு கெட்டால் பால் பட்டை மேல் சிந்திப் போகும், தண்டலிடம் ஏச்சு வாங்க வேண்டும். குளத்தோரத் தளத்திலும் இதே கதைதான். கொத்தனார்கள் இதை 'வாட்டம்' என்பார்கள். ஒரு மீட்டர் நீளத்துக்கு 1 முதல் 2 சென்டிமீட்டர் வரை இறக்கம் வேண்டும். அந்த இறக்கம் குளத்தை விட்டு வெளியே, லோங்காங் பக்கம் இருக்க வேண்டும். குளத்தை நோக்கி இருந்தால் மழை பெய்யும்போதெல்லாம் மண்ணும் இலையும் குளத்துக்குள்ளே போகும். கோலாலம்பூரிலோ ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டுகிறது. சாயங்கால இடிமழை ஒன்று போதும், வாட்டம் சரியா இல்லையா என்று சொல்லிவிடும்.

பதிக்கும் முறை இரண்டு வகை. ஒன்று, சிமெண்டுக் கலவையிலோ டைல் பசையிலோ ஒட்டுவது. மற்றொன்று, மணல் பரப்பி அதன் மேல் கல்லை அடுக்குவது.

ஒட்டுவதானால் பழைய தளத்தின் பாசி, எண்ணெய், சாயம் எல்லாவற்றையும் சுரண்டி எடுத்து, வழவழப்பான இடத்தைக் கொத்திச் சொரசொரப்பாக்க வேண்டும். கல்லின் அடி முழுவதும் கலவை படவேண்டும். நேரத்தை மிச்சப்படுத்த நாலு மூலையிலும் நடுவிலும் கட்டி கட்டியாகக் கலவை வைத்து ஒட்டுகிறவர்கள் உண்டு. அந்த இடைவெளியில் தண்ணீர் போய்த் தங்கும். சிறிது காலத்தில் கல் ஆடத் தொடங்கும். இந்தக் குறுக்கு வழியை யார் கற்றுக் கொடுத்தாலும் கற்றுக்கொள்ளாதீர்கள்.

மணல் முறையில் 25 மில்லிமீட்டர் அளவுக்குக் கழுவிய பெருமணல் பரப்புவார்கள். பூச்சு வேலைக்கு வாங்கும் பொடி மணல் இதற்கு உதவாது. ஓர வரிசைக் கற்களை மட்டும் கலவையில் கெட்டியாக ஒட்டிவிட வேண்டும். இல்லாவிட்டால் மணல் ஒழுகி, கற்கள் வெளிப்பக்கமாக விரிந்துவிடும். கற்களின் இடுக்கு வழியே இறங்கும் தண்ணீர் கான்கிரீட்டின் மேல் தேங்கி நிற்குமல்லவா? அதற்காகத் தரையில் நேரே மண் மேல் போட்ட தளமானால், தாழ்ந்த இடங்களில் இரண்டு அங்குலத் துளை போட்டு, சிறு ஜல்லி நிரப்பி, மணல் இறங்காதபடி ஜியோடெக்ஸ்டைல் துணியால் மூடுவார்கள்.

இங்கேதான் ஓர் ஆபத்து. பங்சார் போன்ற இடங்களில் அடுக்கு மாடிக் குளங்கள் பல, கார் நிறுத்துமிடத்தின் கூரை மேல் கட்டப்பட்டவை. அந்தத் தளத்தில் துளை போட்டால், நீர் கசியாமலிருக்கப் போட்டிருக்கும் பூச்சு கிழிந்து, கீழே நிற்கும் கார் மேல் தண்ணீர் சொட்டும். அதைவிடப் பெரியது பாரம். 60 மில்லிமீட்டர் கனமுள்ள சிமெண்டுக் கல் ஒரு சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 140 கிலோ. மணலையும் சேர்த்தால் 180 கிலோவைத் தாண்டும். ஒவ்வொரு சதுர மீட்டரிலும் இரண்டு மூன்று பெரிய ஆட்கள் இரவு பகலாக நிற்பதற்குச் சமம் அது. கட்டட எஞ்சினியர் எழுத்தில் சம்மதம் தராமல் இப்படிப்பட்ட தளத்தில் கல்லை இறக்கவே கூடாது. 30 மில்லிமீட்டர் மெல்லிய கல் பதித்தால் பாரம் பாதியாகக் குறையும் என்பது உண்மைதான். அப்போதும் கேட்டுவிட்டே செய்ய வேண்டும்.

குளத்தின் விளிம்பில் ஒரு வரிசைக் கல் இருக்கும், கோப்பிங் என்பார்கள். அதற்கும் சுற்றுத் தளத்துக்கும் நடுவே விரல் அகலத்தில் ஓர் இடைவெளி விட்டிருப்பார்கள். பார்க்க அசிங்கமாக இருக்கிறதே என்று அதைக் கலவையால் அடைத்து விடாதீர்கள்! வெயிலில் தளம் சூடேறி நீளும். பத்து மீட்டர்த் தளம் 30 டிகிரி சூடு ஏறினால் ஏறக்குறைய 3 மில்லிமீட்டர் நீளும். நீள இடமில்லாமல் போனால் அது விளிம்புக் கல்லைத் தண்ணீர்ப் பக்கம் தள்ளும். குளத்துச் சுவரில் ஒட்டிய டைல்கள் உதிரும். அந்த இடைவெளியை, ரப்பர் போல இழுபடும் பாலியூரிதேன் பசையால்தான் நிரப்ப வேண்டும். பழைய கான்கிரீட்டில் வேறு இடங்களில் இடைவெளிக் கோடுகள் இருந்தால், மேலே பதிக்கும் கல்லிலும் அதே நேர்க்கோட்டில் இடைவெளி விட வேண்டும்.

எனக்குத் தெரிந்த கொத்தனார் ஒருவர் இதில் அனுபவப்பட்டவர். கிள்ளான் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். "சீக்கிரம் முடி, அந்தச் சந்தையும் கலவையாலேயே மூடிவிடு" என்று குத்தகைக்காரர் சொல்ல, இவரும் மூடினார். சில மாதத்தில் விளிம்புக் கற்கள் எழும்பின. வீட்டுக்காரர் குத்தகைக்காரரைப் பிடித்தார். அவரோ, "கை வைத்தவன் அவன்தான்" என்று கொத்தனாரைக் காட்டினார். கடைசியாக வரவேண்டிய கூலி வரவில்லை. பெயர் கெட்டது வேறு. அவர் வீட்டில் பள்ளிக்கூடம் திறக்கும் மாதம் அது. வெள்ளைச் சட்டையும் காலணியும் வாங்க அவர் மனைவி யாரிடம் கடன் கேட்டார் என்பதை நான் இங்கே எழுத விரும்பவில்லை. இப்போது அவர் எந்த வேலைக்குப் போனாலும், என்ன செய்யச் சொன்னார்கள் என்பதை ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் சாமானைத் தொடுகிறார். பழைய தளத்தின் வெடிப்புகளையும் கைத்தொலைபேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்கிறார். உங்கள் பிள்ளையும் அப்படிச் செய்யட்டும்.

கல் வாங்கும்போது வழவழப்பானதை விட்டுவிட்டுச் சொரசொரப்பானதையே எடுக்கச் சொல்லுங்கள். பளபளக்கும் கல்லில் ஈரக் கால் நிற்காது. கறுப்புக் கல் நண்பகலில் குழந்தைகளின் காலைச் சுட்டுவிடும். வெளிர் நிறம் நல்லது. கல்லும் மணலும் சேர்ந்தால் தரை மூன்றரை அங்குலம்கூட உயரும் என்பதை மறந்துவிட்டு, பிறகு கதவு திறக்கவில்லை என்று கதவை அறுத்தவர்களும் இருக்கிறார்கள்.

தாய்மார்களே, உங்களிடம் ஒரு வார்த்தை. கல்லை அறுக்கும் கிரைண்டரிலிருந்து வெள்ளைப் புகை போலத் தூசி கிளம்புகிறதே, அதில் சிலிக்கா கலந்திருக்கிறது. அது நுரையீரலில் போய்த் தங்கினால் திரும்பி வராது. ஆண்டுக்கணக்கில் சுவாசித்தால் சிலிக்கோசிஸ் என்ற நோய் வரும்; அந்த நோயைக் குணப்படுத்த மருந்து கிடையாது. மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டால் போதும் என்று மகன் சொன்னால் நம்பாதீர்கள். தண்ணீர் விட்டு அறுக்க வேண்டும், என்-95 முகமூடி போட வேண்டும். ஈரத்தில் மின்சாரக் கருவியைப் பிடிப்பதால், மின்கசிவு ஏற்பட்டால் உடனே துண்டிக்கும் சுவிட்ச் இணைப்பில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சிமெண்டு கையைப் புண்ணாக்கும், கையுறை அவசியம். கட்டுமான இடத்தில் வேலை செய்ய சி.ஐ.டி.பி. பச்சை அட்டை வேண்டும். சம்பளத்துக்கு வேலை செய்கிறவருக்கு முதலாளி சொக்சோ கட்டுகிறாரா என்று கேளுங்கள். சொந்தமாகக் குத்தகை எடுக்கிறவர்களுக்கும் 2017-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் சொக்சோவில் சுயதொழில் திட்டம் இருக்கிறது.

வேலை முடிந்த சில வாரங்களில் கல் மேல் வெள்ளையாக உப்புப் பூக்கலாம். சிமெண்டிலிருந்து வரும் உப்புதான் அது. காய்ந்த துடைப்பத்தால் தேய்த்து வந்தால் நாளடைவில் மறையும். அவசரப்பட்டு ஆசிட் ஊற்றினால் கல்லின் முகத்தையே அரித்துவிடும்.

முதல் பெருமழை விட்டதும் ஒரு நடை போய்ப் பார்த்து வாருங்கள். எங்காவது தண்ணீர் தேங்கியிருந்தால் அந்த நாலைந்து கல்லை மட்டும் எடுத்து மட்டம் திருத்தலாம். ஒரு மாதம் கழித்துப் போனால் பாசியும் சேர்ந்திருக்கும். மிச்சம் வந்த கற்களில் பத்துப் பதினைந்தை வீட்டுக்காரரிடமே கொடுத்துவிட்டு வாருங்கள். அடுத்த வருடம் கடையில் அதே கல்லைக் கேட்டாலும் அந்த நிறம் கிடைக்காது.