தேனீ சுமந்துவரும் செய்தி

திருக்குர்ஆனின் 16ஆவது அத்தியாயம் தேனீயின் பெயரைத் தாங்கியது. அதில் தேனீக்கு இடப்படும் கட்டளை அரபியில் பெண்பாலில் அமைந்துள்ளது. உணவு தேடிச் செல்லும் தேனீக்கள் அனைத்தும் பெண்களே. சுப்ஹானல்லாஹ்!

மன்னார்த் தீவின் பள்ளிமுனை போன்ற ஊர்களில் ஐப்பசி, கார்த்திகை மழைக்காலம். மழை ஓய்ந்த காலையில், சற்றுத் தள்ளி நின்று தேன்கூட்டின் வாயிலைக் கவனியுங்கள், சகோதரிகளே. திரும்பும் தேனீயின் பின்னங்கால்களில் ஒட்டியிருக்கும் சிறு உருண்டைகள் மகரந்தம். குஞ்சுகளுக்கான புரத உணவு.

ஒரு பயணத்தில் தேனீ பெரும்பாலும் ஒரே இனப் பூவையே நாடும். எனவே உருண்டையின் நிறத்தை அயலிலுள்ள தென்னை, முருங்கைப் பூக்களின் மகரந்தத்தோடு ஒப்பிடலாம். உறுதிப்படுத்த நுணுக்குக்காட்டி வேண்டும்.

மகரந்தம் குன்றினால் குஞ்சு வளர்ப்பும் குன்றும். சீனிப்பாகு அதற்கு ஈடாகாது. பூக்கும் மரத்தை வெட்டுமுன், அது யாருக்கு உணவளிக்கிறது என்று பாருங்கள்.