ரொறன்ரோக் குளிரும் ஆண்களின் தோலும்

ஆண்களின் தோலில் டெஸ்டோஸ்டிரோன் என்னும் இயக்குநீரின் தூண்டலால் எண்ணெய்ச் சுரப்பு பொதுவாக மிகுதி எனினும், சனவரியில் உறைநிலைக்குக் கீழே இறங்கும் ரொறன்ரோவின் வெளிக்காற்றும் ஹீட்டர் வறட்டிவிடும் உள்காற்றும் சேர்ந்து, ஈரத்தைப் பிடித்துவைக்கும் செராமைடு என்ற கொழுப்புப்பொருள் அடங்கிய மேற்படலத்தைத் தளர்த்துவதால், நகரின் ஸ்காபரோப் பகுதியில், மூக்கில் எண்ணெய் வழியும் அதே தமிழரின் கெண்டைக்கால் வெள்ளை பூத்துச் செதிலாகிறது.

தோல் எவ்வகை என்றறிய, முகத்தை மென்மையான ஃபேஸ்வாஷால் கழுவி, எதுவும் பூசாமல் ஒரு மணிநேரம் விட்டபின், நெற்றியும் மூக்கும் மட்டும் மினுங்கினால் அது கலப்புத் தோல். எங்கும் இழுத்துப் பிடித்தால் வறண்ட தோல். முன்னதற்கு ஜெல் வகை மாய்ஸ்சரைசர் போதும். பின்னதற்குச் செராமைடு கலந்த கெட்டியான கிரீமைக் குளித்த ஈரம் காயுமுன் தடவ வேண்டும்.

பெருஞ்சிக்கல் சவரம்தான்: சுருண்ட முடி மழித்தபின் தோலுக்குள்ளேயே திரும்பி வளர்ந்து கொப்புளமாகி, மாநிறத் தோலில் மாதக்கணக்கில் கருந்திட்டை விட்டுச்செல்வதால், வெதுவெதுப்பான நீரில் நனைத்து, முடி வளரும் திசையிலேயே மழிப்பது நன்று. அத்திட்டை மெல்ல மங்கச்செய்யும் நியாசினமைடை, அதாவது பி3 வைட்டமினின் ஒரு வடிவத்தை, ரொறன்ரோவில் 2013இல் தொடங்கிய டெசியம் நிறுவனம் தனது 'தி ஆர்டினரி' வரிசையில் மலிவாகவே விற்கிறது. ஆயினும் கறுத்த தோலுக்கு எதற்கென்று பலர் ஒதுக்கும் எஸ்பிஎஃப் 30 சன்ஸ்கிரீன் இல்லாவிடில், கோடை வெயில் அத்திட்டை மீண்டும் கறுக்கவைத்துவிடும்.